ஹாப்ஸ் சரக்கில் கோளாறா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஓசூரில் குடியிருந்து, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு ப்ரூவரிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. பீர் சரியில்லை, அதற்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூ மேல் சந்தேகம். சப்ளையருக்குப் போன் போட்டால், "இதே லாட்தான் சார் எல்லாருக்கும் போகுது, வேற யாரும் சொல்லலையே" என்கிறார். அதற்குப் பதில் சொல்லக் கையில் எதுவும் இருப்பதில்லை. பெட்டியைப் பிரித்துப் பாதியைக் கொதிக்கும் கெட்டிலில் போட்டாயிற்று, லாட் நம்பர் ஒட்டியிருந்த அட்டை குப்பைக்குப் போயிற்று, மிச்சப் பை டேப் ஒட்டி ஃப்ரிட்ஜில் கிடக்கிறது.

கீழே உள்ளவை டி-90 பெல்லட் (காய்ந்த ஹாப்ஸ் பூவை அரைத்து அச்சில் அழுத்திய சிறு துண்டுகள்) வாங்கும் ப்ரூவரிக்கானவை. ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், காசு பிடிக்கும் காரணம் கடைசியில். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஹாப்ஸைக் குறை சொல்லும் கேஸ்களில் பாதியாவது தராசிலோ, கெட்டிலிலோ, நம்முடைய ஃப்ரிட்ஜிலோ முடிந்துவிடும்.

பெட்டி இறங்கிய அன்றே செய்ய வேண்டியது

எந்த அறிகுறியானாலும் இது இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது. பெட்டியின் ஆறு பக்கமும், லேபிளும், உள்ளே பையும் போட்டோ. ரகம், விளைந்த வருடம், லாட் நம்பர், பேக்கிங் தேதி நான்கும் ஒரே போட்டோவில் தெரிய வேண்டும். சப்ளையர் அனுப்பிய டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள லாட் நம்பரும் பையில் உள்ள லாட் நம்பரும் ஒன்றுதானா என்று ஓர் எழுத்து விடாமல் பாருங்கள். வேறு லாட்டின் சர்டிபிகேட் சேர்ந்து வருவது நடக்கிற தவறுதான்.

ஒவ்வொரு லாட்டிலும் முதல் பையைத் திறக்கும்போதே 200 கிராம் எடுத்து வேக்கம் சீல் போட்டு, லாட் நம்பரும் தேதியும் எழுதி மைனஸ் 18 டிகிரியில் போட்டுவிடுங்கள். ஒரே லாட்டில் ஒன்றுக்கு மேல் பெட்டி வாங்கினால், ஒன்றையாவது கடைசிவரை பிரிக்காமல் வைத்திருங்கள். சண்டை என்று வந்தால் சீல் உடையாத அந்தப் பெட்டிக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் கிடையாது.

அறிகுறி 1: பை தளர்ந்து, உப்பி அல்லது சூடாக வந்திருக்கிறது

முதலில் அது எந்த வகைப் பை என்று தெரிந்துகொள்ளுங்கள். காற்றை முழுக்க உறிஞ்சிய பை செங்கல் மாதிரி கெட்டியாக இருக்கும். நைட்ரஜன் நிரப்பிய பை தலையணை மாதிரி மெத்தென்றுதான் இருக்கும், அது குறை இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல சரக்கைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. சப்ளையரிடம் கேட்டுப் பெட்டி மேலேயே எழுதிவையுங்கள்.

கெட்டியாக இருக்க வேண்டிய பை தளர்ந்திருந்தால், அகலமான டப்பில் தண்ணீர் நிரப்பிப் பையை அமுக்கிப் பிடியுங்கள், பஞ்சர் கடையில் ட்யூபைப் பார்ப்பது போல. குமிழி வரும் இடத்தில் மார்க் செய்து போட்டோ எடுங்கள். ஓட்டை பெரும்பாலும் பையின் மூலையிலும் சீல் ஓரத்திலும்தான் இருக்கும். பெட்டியை மூலை தரையில் படும்படி போட்டால் இப்படி ஆகும்.

சூடு வேறு விஷயம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் பெட்டி ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று வந்து ஓசூர் மேடு ஏறுகிறது. ஏப்ரல், மே மாதத்தில் இந்தப் பாதையில் மூடிய லாரி பகலில் நின்றால் உள்ளே என்ன சூடு இருக்கும் என்பதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரீஃபர் (குளிரூட்டிய) வண்டி என்று பில்லில் இருக்கும், டீசல் மிச்சம் பிடிக்க மெஷினை அணைத்திருப்பார்கள்.

பார்க்க வேண்டியது: வண்டிக் கதவு திறந்த உடனே இரண்டு பெட்டிக்கு நடுவில் தெர்மாமீட்டரைச் செருகி 5 நிமிடம் வையுங்கள். இன்ஃப்ராரெட் துப்பாக்கி வேண்டாம், பளபளப்பான ஃபாயிலில் அது தப்பான எண் காட்டும். 10 டிகிரிக்குள் இருந்தால் இறக்கலாம். 25 டிகிரிக்கு மேல் என்றால் எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில் வெப்பநிலையையும் நேரத்தையும் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு இறக்குங்கள். கையெழுத்துப் போட டிரைவர் தயங்குவார். "அண்ணா, உங்க மேல புகார் இல்ல, வண்டியில இருந்த சூட்டைத்தான் எழுதுறோம்" என்று சொன்னால் போடுவார். ஒரே நாள் சூட்டில் நைட்ரஜன் பையிலுள்ள ஹாப்ஸ் செத்துவிடாது. ஓட்டையும் சூடும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஓட்டைப் பை சூடாக வந்திருந்தால் அதை மட்டும் தனியே ஒதுக்கிவிட்டு அறிகுறி 2, 3-க்குப் போங்கள்.

அறிகுறி 2: பெல்லட் பார்வைக்கே சரியில்லை

நிறம் பழுப்பாக அல்லது காய்ந்த மருதாணிப் பொடி மாதிரி இருக்கிறது. நல்ல பெல்லட் ரகத்துக்கு ரகம் வேறுபட்டாலும் பச்சையில் மஞ்சள் கலந்து இருக்கும். வெளிப்பக்கம் மட்டும் பழுப்பு என்றால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் மேலோட்டமாகக் காற்று பட்டிருக்கிறது. உள்ளேயும் பழுப்பு என்றால் ஒன்று பழைய சரக்கு, அல்லது காயவைக்கும்போதே கருகிய சரக்கு. இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்: வாசனைக்குப் போடாதீர்கள், லேப் டெஸ்ட்டுக்கு அனுப்புங்கள்.

பெல்லட் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கல்லாக இருக்கிறது. இது அச்சில் அதிகச் சூடு ஏறியதன் அடையாளம். 5 கிராம் எடுத்து 80 டிகிரி தண்ணீர் 200 மில்லியில் போட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல பெல்லட் சில நிமிடங்களில் தானே அவிழ்ந்து சேறாகும். 10 நிமிடம் கழித்தும் துண்டு துண்டாகக் கிடந்தால், ட்ரை ஹாப்பில் (கொதிக்கவைக்காமல் டேங்கில் உள்ள பீரிலேயே ஹாப்ஸ் போடுவது) அது அடியில் படிந்து கிடக்கும், வாசனை பாதிகூட இறங்காது. கெட்டிலில் 60 நிமிடக் கொதிக்கு மட்டும் தாங்கும்.

பைக்கு அடியில் தூள் அதிகம். கொஞ்சம் தூள் எல்லாப் பெட்டியிலும் இருக்கும், வழியில் குலுங்கியது. கையில் எடுத்தாலே பெல்லட் பொடிந்தால் ஈரம் மிகவும் குறைந்திருக்கிறது. பெல்லட்டில் 8 முதல் 10 சதவீத ஈரம் சாதாரணம். விரலில் நசுக்கினால் ரப்பர் மாதிரி அமுங்கினால் ஈரம் அதிகம். ஈரம் பார்க்கும் மெஷின் இருந்தால் அளந்து எழுதிவையுங்கள்.

அறிகுறி 3: வாடை

உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு பெல்லட் வைத்து, மறு கையால் நசுக்கி, கை சூடேறும்வரை அரை நிமிடம் தேய்த்து, இரண்டு கையையும் குவித்து மோந்து பாருங்கள். முதல் மூச்சில் பச்சை இலை வாடைதான் வரும், அதை விட்டுவிடுங்கள். எண்ணெய் கையில் ஒட்டிய பிறகு வரும் இரண்டாவது, மூன்றாவது மூச்சுதான் கணக்கு. அடுத்த லாட்டுக்கு முன் கையைச் சோப்பில்லாமல் வெந்நீரில் கழுவித் துடையுங்கள். வெற்றிலை பாக்கு, சாம்பிராணி, கை சானிடைசர் எதுவும் அன்று வேண்டாம்.

சீஸ், நாள்பட்ட சாக்ஸ், புளித்த வியர்வை: காற்றும் சூடும் பட்ட பழைய ஹாப்ஸ். இதில் வாதமே இல்லை. இந்த வாடை வரும் சரக்கை வேர்ல்பூலிலும் (கொதி முடிந்த சூட்டில் சுழலவிடும் கட்டம்) ட்ரை ஹாப்பிலும் போடக் கூடாது. 60 நிமிடக் கொதியின் தொடக்கத்தில் போட்டால் வாடை பெரும்பாலும் ஆவியோடு போகும், ஆனால் கசப்புக் கணக்கு மாறும் (அறிகுறி 4).

வைக்கோல், காய்ந்த புல், பழைய டீத்தூள்: எண்ணெய் போய்விட்டது, இன்னும் அழுகவில்லை. அளவைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். இலைச் சக்கைதான் கூடும், பீர் கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி ஆகும். கூட்டாதீர்கள்.

வெங்காயம், பூண்டு: பழையது என்று முடிவு கட்ட வேண்டாம். செடியில் அதிக நாள் விட்டு, தாமதமாக அறுவடை செய்த பூவில் இது வரும். சிம்கோ, மொசைக் மாதிரி ரகங்களில் அதிகம். சேமிப்புக் குறை இல்லை, தேர்வுக் குறை. சப்ளையரிடம் அதே ரகத்தில் வேறு லாட் கேளுங்கள், சாம்பிள் மோந்து பார்த்து எடுங்கள். ட்ரை ஹாப்பில் இந்த வாடை அப்படியே பீரில் நிற்கும்.

மிளகாய், புளி, பெயின்ட், பினாயில்: இது ஹாப்ஸின் வாடையே இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கோல்டு ஸ்டோரேஜ் என்றாலே புளியும் வத்தல் மிளகாயும் கூடவே இருக்கும். சீல் உடையாத ஃபாயில் பைக்கு அதனால் பாதிப்பில்லை. பிரித்துவிட்டு, சாதாரணப் பாலிதீன் பையில் கட்டி அங்கே வைத்தால் பக்கத்துச் சரக்கின் மணம் ஏறிவிடும். பிரித்த பை வெளிக் குடோனுக்குப் போகவே கூடாது.

சப்ளையரைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஒரே லாட்டில் சீல் உடையாத இரண்டாவது பையிலும் அதே சீஸ் வாடை வந்தால். ஒரு பையில் மட்டும் என்றால் அந்தப் பையின் ஓட்டையைத் தேடுங்கள்.

அறிகுறி 4: கசப்பு குறைவு

அதிகம் தவறாகக் கணிக்கப்படுவது இதுதான். கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போங்கள்.

தராசு. தெரிந்த எடை ஒன்றை வைத்துப் பாருங்கள். 50 கிலோ மால்ட் நிறுக்கும் தராசில் 800 கிராம் ஹாப்ஸ் நிறுத்தால் 50 கிராம் முன்னே பின்னே ஆகும்.

சாப்ட்வேரில் ஆல்பா (ஹாப்ஸில் கசப்பு தரும் அமிலத்தின் சதவீதம்). போன லாட்டின் எண்ணை மாற்றாமல் விட்டிருப்பார்கள். இப்போது ஓடும் லாட்டின் சர்டிபிகேட்டைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

கொதி. ஓசூரும் பெங்களூருவும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, சுமார் 97-லேயே கொதித்துவிடும். அந்த 3 டிகிரிக்கே ஆல்பா கசப்பாக மாறும் வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. சென்னையிலோ ஜெர்மனியிலோ எழுதிய ரெசிபியை அப்படியே இங்கே போட்டால் கசப்பு குறைவது ஹாப்ஸின் குற்றமல்ல. கொதி நேரத்தை 60-லிருந்து 75 நிமிடமாக்குங்கள், அல்லது ஹாப்ஸைக் கூட்டுங்கள். ஒருமுறை திருத்திவிட்டால் எல்லா ரெசிபிக்கும் அதே விகிதம் ஓடும். இதோடு கொதியின் வேகத்தையும் பாருங்கள். ஸ்டீம் பிரஷர் இறங்கிய அன்று வோர்ட் (ஈஸ்ட் சேர்க்காத மால்ட் சாறு) ஆவியாவதும் குறைந்திருக்கும், பேட்ச் ஷீட்டில் தெரிந்துவிடும்.

கெட்டில் சுவர். நுரை ஏறும்போது போட்ட பெல்லட் சுவரில் ஒட்டிக் காய்ந்துவிடும். நுரை உடைந்து உருண்டு கொதிக்கத் தொடங்கிய பிறகு போடுங்கள்.

இவை நான்கும் சரி என்றால்தான் ஹாப்ஸ் மேல் கை வைக்க வேண்டும்.

சர்டிபிகேட்டின் தேதி. அதில் உள்ள ஆல்பா பெரும்பாலும் பெல்லட் போட்டபோது எடுத்தது, உங்கள் கைக்கு வந்த அன்று எடுத்ததல்ல. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அறுவடை ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி, மார்ச். வருடத்தை இதோடு ஒப்பிட்டு வயதைக் கணக்கிடுங்கள். டெஸ்ட் முறையையும் பாருங்கள். கண்டக்டோமெட்ரிக் (மின்கடத்தலை வைத்து அளக்கும்) முறையில் வரும் எண், எச்.பி.எல்.சி. (ஆல்பாவைத் தனியே பிரித்து அளக்கும்) முறையில் வருவதைவிடக் கூடுதலாக இருக்கும், பழைய ஹாப்ஸில் இடைவெளி இன்னும் பெரிது. இரண்டு சப்ளையரின் எண்ணை ஒப்பிடும்போது முறை ஒன்றுதானா என்று முதலில் கேளுங்கள்.

ரகம். எல்லா ஹாப்ஸும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. 20 டிகிரியில் 6 மாதம் வைத்த கேஸ்கேட் பூவில் ஆல்பா சுமார் பாதிதான் மிஞ்சும், மேக்னத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிற்கும். குளிர் இல்லாமல் வந்த கேஸ்கேட் மேல் சந்தேகம் வந்தால் நியாயம், மேக்னம் மேல் வந்தால் மேலே உள்ள நான்கையும் இன்னொரு முறை பாருங்கள்.

இரட்டைப் பானைச் சோதனை. இதற்கு லேப் வேண்டாம், அடுப்பும் இரண்டு பாத்திரமும் போதும். ஒரே வோர்ட், 12 டிகிரி பிளாட்டோ (சர்க்கரை அடர்த்தி அளவு), இரண்டிலும் 2 லிட்டர். ஒன்றில் சந்தேக லாட் 2 கிராம், மற்றதில் நல்லது என்று தெரிந்த லாட், ஆல்பா கணக்குப்படி அதே கசப்பு வரும் அளவு. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். 60 நிமிடம் ஒரே தீயில் கொதிக்கவிட்டு, ஆவியானதைக் கொதித்த தண்ணீரால் நிரப்பி இரண்டையும் மறுபடி 2 லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஆறவைத்து வடிகட்டி, மூன்று கோப்பையில் ஊற்றுங்கள், இரண்டில் ஒரே வோர்ட், ஒன்றில் மற்றது. எது தனி என்று மூன்று பேரைத் தனித்தனியே கேளுங்கள். மூன்று பேரும் சரியாகப் பிரித்து, கசப்பு குறைந்தது சந்தேக லாட்தான் என்றும் சொன்னால், அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

லேப். உறுதியான எண் வேண்டும் என்றால் எச்.பி.எல்.சி.யில் ஆல்பாவும், கூடவே எச்.எஸ்.ஐ.யும் கேளுங்கள். எச்.எஸ்.ஐ. என்பது 275, 325 நானோமீட்டரில் எடுக்கும் இரண்டு அளவின் விகிதம், ஹாப்ஸ் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் எண். புதிய சரக்கில் 0.25 முதல் 0.30 வரை இருக்கும். 0.40 என்றால் ஆல்பா, பீட்டா சேர்ந்த கசப்புச் சத்தில் சுமார் 22 சதவீதம் போய்விட்டது, 0.50 என்றால் சுமார் 33 சதவீதம். 0.50-ஐத் தாண்டியதைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ப்ரூவரியில் யு.வி. ஸ்பெக்ட்ரோ இருந்தால் நீங்களே எடுக்கலாம், ஆனால் டாலுயின் என்ற ஆபத்தான கரைப்பானைக் கையாள வேண்டும். ஃப்யூம் ஹுட் (புகை உறிஞ்சும் கூண்டு) இல்லாத அறையில் அதைத் திறக்காதீர்கள். வெளி லேப் என்றால் என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் மட்டும் பார்த்தால் போதாது, ஹாப்ஸில் ஆல்பா எடுத்துப் பழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. பீரில் ஐ.பி.யு. (கசப்பு அலகு) அளந்து ஹாப்ஸ் நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. காற்றுப் பட்டு மாறிய பொருள்களும் 275 நானோமீட்டரில் எண் காட்டும். நாக்கில் கசப்பு குறைவாகவும் மெஷினில் ஐ.பி.யு. சரியாகவும் வருவதற்கு இதுவே காரணம்.

எண் கிடைத்த பிறகு பேட்சைச் சரிசெய்வது எளிது. 1,000 லிட்டர், 30 ஐ.பி.யு., கொதியில் 30 சதவீதம் பயன்படுகிறது என்று வைத்தால், 12 சதவீத ஆல்பாவுக்கு 833 கிராம் வேண்டும். அதே லாட் உண்மையில் 9 சதவீதம்தான் என்றால் 1,111 கிராம். பழைய எடையை லேபிள் ஆல்பாவால் பெருக்கி, லேப் ஆல்பாவால் வகுத்தால் வருவது இது.

அறிகுறி 5: கசப்பு இருக்கிறது, ஆனால் தொண்டையில் நிற்கிறது

முதலில் தண்ணீர். கொதிக்கு முன் வோர்ட்டின் பி.எச். 5.6-க்கு மேல் போயிருந்தால் கசப்பு கரகரக்கும். ஓசூர் பக்கத்து போர்வெல் தண்ணீரின் கடினம் கோடையில் ஏறும், ஆர்.ஓ. கலக்கும் விகிதத்தை அதற்கேற்ப மாற்றாமல் விட்டிருப்பார்கள். பி.எச். மீட்டரை பஃபரில் காலிபரேட் செய்து, ஆறிய வோர்ட்டில் அளந்து பாருங்கள். அடுத்தது, தானியத்தை அளவுக்கு மீறிக் கழுவியிருந்தால் உமியின் துவர்ப்பு இறங்கும். அது நாக்கின் ஓரத்தை இழுக்கும், நெல்லிக்காய் கடித்த மாதிரி. ஹாப்ஸின் கரகரப்பு நாக்கின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இரண்டும் இல்லை, வாடையும் சந்தேகமாக இருக்கிறது என்றால் பழைய ஹாப்ஸ்தான். எடையைக் கூட்டிச் சரிக்கட்டிய பழைய லாட்டில் இது இன்னும் மோசமாகும்.

அறிகுறி 6: கசப்பு சரி, வாசனை எழவில்லை

வேர்ல்பூலில் எத்தனை டிகிரியில் போடுகிறீர்கள்? 95-ல் போட்டு அரை மணி நேரம் வைத்தால் எண்ணெய் ஆவியோடு போய்விடும். 80-க்கு இறக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ட்ரை ஹாப் என்றால், பெல்லட் போட்ட பிறகு டேங்க் அடியிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு விட்டுக் கிளறினீர்களா, இல்லை அப்படியே கிடக்கிறதா? கூம்பின் அடியில் கட்டியாகப் படிந்த பெல்லட் வாசனை தராது. போடும்போது காற்று போனதா? ஆக்ஸிஜன் பட்டால் நல்ல சிட்ரா ரகமும் ஒரு வாரத்தில் மங்கும். பீர் பழுத்த நிறத்துக்குப் போயிருந்தால் இதுதான் காரணம், சப்ளையரைத் திட்டாதீர்கள்.

ஹாப்ஸைச் சோதிக்க எளிய வழி: வாசனை இல்லாத, ஹாப்ஸ் குறைவான லாகர் 500 மில்லி பாட்டில் இரண்டு. ஒன்றில் சந்தேக லாட் 2.5 கிராம், மற்றதில் ஒப்பிட வேறு லாட் 2.5 கிராம். மெல்லத் தூவி, நுரை மேலே வந்து காற்றை வெளியே தள்ளும்போது மூடி, ஃப்ரிட்ஜில் 2 நாள். வடிகட்டி மோந்து பாருங்கள். இங்கேயும் வாசனை இல்லை என்றால் ஹாப்ஸில் எண்ணெய் இல்லை. சர்டிபிகேட்டில் மொத்த எண்ணெய் அளவு 100 கிராமுக்கு எத்தனை மில்லி என்று இருக்கும். அது இல்லாத சர்டிபிகேட்டோடு வாசனை ஹாப்ஸ் வாங்காதீர்கள்.

அறிகுறி 7: ட்ரை ஹாப்புக்குப் பிறகு கிராவிட்டி (பீரின் அடர்த்தி) இறங்குகிறது, வெண்ணெய் வாடை, பாட்டில் பொங்குகிறது

ஹாப்ஸில் கிருமி என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் கேஸ் இது. பெரும்பாலும் கிருமி இல்லை. நல்ல, புதிய ஹாப்ஸிலும் மாவுச்சத்தை உடைக்கும் என்சைம் உண்டு. அது ஈஸ்ட் சாப்பிட முடியாமல் விட்டதை உடைத்துக் கொடுக்க, ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்குகிறது. 1 முதல் 2 டிகிரி பிளாட்டோவரை கூட இறங்கும், வெண்ணெய் வாடை திரும்பி வரும்.

சோதனை: 200 மில்லி பீரை மூடிய பாட்டிலில் 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, குளிரவைத்து மோந்து பாருங்கள். சூடு காட்டாத பீரில் இல்லாத வெண்ணெய் வாடை இதில் வந்தால் டேங்க் இன்னும் முடியவில்லை. குளிரவைக்காதீர்கள், ஈஸ்ட் தன் வேலையை முடிக்க விடுங்கள். கிராவிட்டி மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணில் நின்று, இந்தச் சோதனையும் சுத்தமாக வந்த பிறகுதான் பேக்கிங். அடுத்த பேட்ச் முதல் ட்ரை ஹாப்பை 14 டிகிரிக்குக் கீழே குறுகிய நாள்களுக்குச் செய்தால் இது குறையும்.

பேக் செய்த பீர் ஏற்கனவே பொங்குகிறது என்றால் தயங்காமல் கடையிலிருந்து திரும்ப எடுத்துக் குளிரில் வையுங்கள். கண்ணாடி பாட்டில் வெடிக்கும். புளிப்பும் சேர்ந்து வந்தால் மட்டும் மைக்ரோபயாலஜி லேப்புக்கு அனுப்புங்கள். அது ஹாப்ஸிலிருந்து வந்திருப்பதைவிட டேங்க் வால்விலோ ஹோஸிலோ இருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அறிகுறி 8: ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைப்பு, வேறு பொருள்

50 கிராம் பெல்லட்டை 500 மில்லி வெந்நீரில் கரைத்து டீ வடிகட்டியில் ஊற்றுங்கள். தண்டுத் துண்டு, நூல், கம்பி எல்லாம் தெரிந்துவிடும். பழுப்பு நார் ஒன்றிரண்டு வந்தால் சாக்கு நார் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கத் தோட்டங்களில் ஹாப்ஸ் கொடி ஏறுவது தேங்காய் நார்க் கயிற்றில், அறுவடையில் கொஞ்சம் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் நூலோ கம்பியோ என்றால் ஒரு துண்டு வந்தாலும் அந்த லாட்டை நிறுத்துங்கள், அடுத்த பெட்டிக்கும் காந்தம் போட்டுப் பாருங்கள். உலோகத்துக்கு "கொஞ்சம்தானே" என்ற பேச்சே கிடையாது.

தெளிந்த பாட்டிலில் வெயில் பட்ட பிறகு மட்டும் வரும் நாற்றம் ஹாப்ஸ் கெட்டதால் வருவதல்ல, வெளிச்சத்தால் வருவது. பழுப்பு பாட்டிலுக்கு மாறுங்கள்.

சப்ளையரிடம் பேசுவது

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில், பிரிவு 41 சரக்கைச் சோதித்துப் பார்க்க வாங்கியவருக்கு உரிமை தருகிறது. பிரிவு 42-இன்படி நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று தெரிவிக்காமல் வைத்திருந்தாலோ, சரக்கைத் தம்முடையதாகப் பாவித்துச் செயல்பட்டாலோ, ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். சந்தேகப்பட்ட பிறகும் மூன்று பேட்ச் ஓட்டிவிட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்ப நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். அதனால் சந்தேகம் வந்த அன்றே எழுதுங்கள். போனில் சொன்னது நிற்காது. மெயில் போதும், இந்த அளவு போதும்:

"வணக்கம் சார். உங்கள் இன்வாய்ஸ் நம்பர் இது, லாட் இது, 20 கிலோ. நேற்று திறந்த பையில் பழைய சீஸ் வாடை. சீல் உடையாத இரண்டாவது பையிலும் அதே. போட்டோ இணைத்திருக்கிறோம். மிச்சம் 15 கிலோவைப் பயன்படுத்தாமல் மைனஸ் 18-ல் வைத்திருக்கிறோம். இந்த லாட்டின் எச்.எஸ்.ஐ., டெஸ்ட் தேதி, சென்னையிலிருந்து வந்த வண்டியின் வெப்பநிலைப் பதிவு மூன்றும் அனுப்புங்கள்."

கோபமோ மிரட்டலோ வேண்டாம். அந்த மூன்று ஆவணத்தைக் கேட்டவுடனே நல்ல சப்ளையர் மாற்று லாட் அனுப்பிவிடுவார். தர மறுத்தால், மூன்றாவது லேப்புக்கு அனுப்புங்கள். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட லேப், இரண்டு தரப்பு ஆளும் பார்க்கச் சீல் வைத்த சாம்பிள், செலவு தோற்றவர் தலையில் என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கசப்பு ஹாப்ஸில் பணத்தை எடையில் கேட்காமல் ஆல்பாவில் கேளுங்கள். 20 கிலோ, 12 சதவீதம் என்றால் நீங்கள் வாங்கியது 2.4 கிலோ ஆல்பா. லேபில் 9 சதவீதம் வந்தால் கிடைத்தது 1.8 கிலோ. கால் பங்கு குறை, கால் பங்குக்கு டெபிட் நோட். இந்தக் கணக்கை மறுத்துப் பேசுவது கடினம். வாசனை ஹாப்ஸில் இப்படிப் பங்கு போட முடியாது, வாசனை போனால் முழுதும் போனதுதான், திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். கொட்டிய பீருக்கும் நஷ்டஈடு கேட்கும் அளவுக்குத் தொகை பெரிதென்றால், அடுத்த மெயிலை நீங்களே எழுதாமல் வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

அடுத்த ஆர்டரில் எழுத வேண்டியவை: விளைந்த வருடம், பெட்டி வரும் நாளில் எச்.எஸ்.ஐ. 0.35-க்கு மேல் கூடாது, ஆல்பா எடுத்த முறை, பெட்டிக்குள் டேட்டா லாகர் (வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி), 7 வேலை நாளுக்குள் சோதித்துத் திருப்பும் உரிமை. சின்ன ப்ரூவரி என்பதால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். டேட்டா லாகர் விலை கொஞ்சம்தான், "எங்கள் செலவில் வைத்துத் தருகிறோம்" என்று நீங்கள் சொன்னால் வேண்டாம் என்பவர் குறைவு. குளிர் நம்பிக்கையில்லாத பாதையில் கசப்புக்கு மட்டும் கார்பன் டை ஆக்ஸைடு எக்ஸ்ட்ராக்ட் (அந்த வாயுவால் ஹாப்ஸிலிருந்து பிரித்தெடுத்த பிசின்) டின் வாங்குவது நல்லது. அது பெல்லட்டைவிடப் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். டின்னை 45 முதல் 50 டிகிரி வெந்நீரில் வைத்தால் ஊற்றும் பதத்துக்கு வந்துவிடும்.

நம் பக்கம் ஒன்று பாக்கி. மின்வாரியப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. ஹாப்ஸ் ஃப்ரீசரை ஜெனரேட்டர் லைனில் சேருங்கள், முடியாவிட்டால் அன்று கதவைத் திறக்காதீர்கள், காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து நிரப்புங்கள். மைனஸ் 18-லிருந்து எடுத்த பையைச் சீலோடு வெளியே வைத்து, மேலே வேர்ப்பது நின்ற பிறகு வெட்டுங்கள். மிச்சத்தைக் கார்பன் டை ஆக்ஸைடு விட்டு வேக்கம் சீல் போட்டு, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பை மேல் திறந்த தேதியை மார்க்கரில் எழுதுங்கள், ஸ்டிக்கர் குளிரில் உதிர்ந்துவிடும்.